சிவப்பு அறிவித்தலும் ஏழு பேர்ச் காணியும்

மழை ஓய்ந்து, சடலங்களை எண்ணி முடித்ததும் ஊவாவில் ஒரு பேச்சு கிளம்பும்: மண்சரிவு வருமென்று முன்கூட்டியே சொன்னோம், சனங்கள்தான் எழும்பவில்லை. கச்சேரியில் இதைச் சொல்வார்கள், கொழும்புப் பத்திரிகைகள் எழுதும், பண்டாரவளைக் கடைவீதியில் பிளேன்டீ குடிப்பவரும் தலையாட்டுவார். அதன் வாலைப் பிடித்துக்கொண்டு இன்னொரு குற்றச்சாட்டும் வரும். தோட்டத்து ஆட்களுக்குச் சுற்றாடலில் அக்கறை கிடையாது. அரசாங்கம் போடும் கட்டுப்பாடு எதுவானாலும் அவர்களுக்கு ஆகாது.

மலையகத்தார் பலர் இதைக் கேட்ட மாத்திரத்தில் கொதித்துப் போவார்கள். கொதிப்பதில் நியாயம் இருக்கிறது. ஆனால் கொதிப்பு மறுப்பாகிவிடாது. குற்றச்சாட்டில் ஒரு பங்கு உண்மை. வறண்ட மாதக் காற்றில் எல்ல, ஹப்புத்தளைப் பக்கத்து மானாப்புல் மலைகள் எரிகின்றன என்றால், பெரும்பாலும் அது யாரோ வைத்த நெருப்பு. காட்டுப்பன்றிக்குக் கட்டிய கம்பிச் சுருக்கில் சிறுத்தை மாட்டிச் செத்த செய்தி மலையகத்திலிருந்து வந்துகொண்டே இருக்கிறது. லயத்துக்குப் பின்னால் ஓடும் கானில் ஷொப்பிங் பைகளும் பம்பர்ஸும் அடைத்துக் கிடப்பதைப் பார்க்காதவர் தோட்டத்துக்குப் போகாதவர். இதையெல்லாம் மறைத்துவிட்டு எழுதும் மலையகக் கட்டுரைகளுக்குக் குறைவில்லை. அவற்றால் யாருக்கும் பயனில்லை.

எனவே குற்றச்சாட்டை நிறுத்துப் பார்ப்போம். ஊவாவின் பதுளை மாவட்டம் அதற்குத் தோதான இடம். ஒழுங்குமுறை பலித்ததும், பலிக்காததும், வேண்டாத இடத்தில் வந்து விழுந்ததும் இங்கே பக்கம் பக்கமாகக் கிடக்கின்றன.

மீரியபெத்தையிலிருந்து தொடங்குவதுதான் முறை. 2014 ஒக்டோபர் 29, காலை ஏழரை மணியளவில், கொஸ்லந்தைக்கு மேலே இருந்த மலை இறங்கி லயங்களை மூடியது. பள்ளிக்கூடம் போயிருந்த பிள்ளைகள் திரும்பி வந்தபோது வீடு இருந்த இடத்தில் சேறு நின்றது. இறந்தவர்களும் காணாமற்போனவர்களுமாக முப்பதுக்கு மேற்பட்டோர். பலருடைய உடல் கிடைக்கவேயில்லை. அந்தச் சரிவு ஆபத்தானது என்று தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனம் 2005-லும் 2011-லும் எச்சரித்திருந்தது. அறிவுக்கு இங்கே பஞ்சமே இருக்கவில்லை. 1990-களின் முதற்பாதியில் நாட்டில் மண்சரிவு ஆபத்து வரைபடம் போடத் தொடங்கியபோது முதலில் எடுத்துக்கொண்டதே பதுளை, நுவரெலியா மாவட்டங்களைத்தான்.

அப்படியானால் ஏன் எழும்பவில்லை? எழும்பி எங்கே போவது என்ற கேள்விக்கு அந்த எச்சரிக்கையில் இடமில்லை. லயக் காம்பரா குடியிருப்பவருக்குச் சொந்தமில்லை. காணி அரசுடையது, 1992-இல் பெருந்தோட்டங்கள் பிராந்தியக் கம்பனிகளின் கைக்குப் போனபோது குத்தகையாக அதுவும் கைமாறியது. தொழிலாளி தன் காசில் தோட்டத்தின் வேறொரு மேட்டில் ஒரு தகரக் கொட்டில் போடுவதென்றாலும் துரையின் அனுமதி வேண்டும். பக்கத்துக் கிராமத்தில் காணி வாங்கக் கையில் பணமில்லை. வேலையும் வீடும் ஒரே முடிச்சில் கட்டப்பட்டவை. ஒன்றை அவிழ்த்தால் மற்றதும் அவிழும். ஆக, அறிவித்தல் ஒரு கட்டளையின் முதற்பாதியாகவே வந்தது. இரண்டாம் பாதியைத் தர வேண்டியவர் யார்? மண்ணை அளந்த நிறுவனத்துக்குக் காணி கொடுக்கும் அதிகாரம் இல்லை. குத்தகைக்காரக் கம்பனிக்குக் காணி கொடுக்க அவசியம் இல்லை. பிரதேச செயலகம் இருவருக்கும் கடிதம் எழுதும்.

மறுதரப்பு வாதத்தையும் கேட்போம். மாற்றிடம் காட்டினோம் என்று ஒரு பக்கமும், காட்டவேயில்லை என்று இன்னொரு பக்கமும் அனர்த்தத்துக்குப் பிறகு சண்டை நடந்தது. வேலை செய்யும் மலைக்குப் பக்கம், கும்பிட்ட கோயிலுக்குப் பக்கம் என்று சிலர் நகர விரும்பாமல் இருந்திருப்பார்கள் என்பதையும் நம்பலாம். எந்த ஊரிலும் மனிதர் அப்படித்தான். ஆனால் வழக்கைத் தீர்க்கும் சாட்சி பின்னால் வந்தது. உயிர் பிழைத்தவர்கள் ஏறத்தாழ இரண்டு வருடம் தற்காலிக இடங்களில் கிடந்த பிறகு, 2016-இல் மக்கல்தெனியவில் 75 வீடுகள் கட்டிக் கொடுக்கப்பட்டன. குடும்பங்கள் போய்க் குடியேறின. வீடும் நிலமும் கண்ணில் பட்டபோது கட்டளை நிறைவேறியது. 2005-இல் இல்லாதிருந்தது மக்களின் புத்தியா, அந்த 75 வீடுகளா என்று கேட்டால் விடை கடினமானதல்ல.

ஒழுங்குமுறை தோட்டத்து வாசலில் பாதியாக அறுபடுவது மீரியபெத்தைக்கு மட்டும் நேர்ந்த விபத்தன்று. சட்டப் புத்தகத்திலேயே அது அப்படித்தான் இருந்தது. 1987-ஆம் ஆண்டின் 15-ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டம், சபை நிதியைத் தோட்டக் குடியிருப்புகளில் செலவிடுவதற்குத் தடையாக நின்றது. 2018-இல் திருத்தும்வரை அந்த நிலைதான். ஹாலிஎலயிலோ பசறையிலோ பிரதேச சபை உறுப்பினரைத் தேர்ந்தெடுக்கத் தோட்டத்து ஆட்கள் வரிசையில் நின்று வாக்குப் போட்டார்கள். அந்தச் சபையின் குப்பை லொறி தோட்டத்துக்குள் வருவதற்கோ சட்டத்தில் வழி இருக்கவில்லை. அந்த முப்பத்தொரு வருடமும் லயத்துக் குப்பை எங்கே போகும்? கானுக்குத்தான். கானில் கிடக்கும் பையைச் சுட்டிக்காட்டி அக்கறை இல்லை என்பவர்கள் இந்த ஒரு சட்டத்தையாவது வாசித்திருக்கலாம்.

கான் என்றதும் இன்னொன்று. தேயிலை மலைகளில் குறுக்கே ஓடும் கான்கள்தான் மழைத் தண்ணீரைக் கட்டி இறக்குபவை. கான் வெட்டுக்கு ஆள் போடுவது ஒரு காலத்தில் தோட்டத்தின் அன்றாட வேலை. கொழுந்துக்கு ஆள் பற்றாத காலம் வந்ததும் கம்பனிகள் முதலில் கைவிட்டது இப்படிப்பட்ட வேலைகளைத்தான். 1951-ஆம் ஆண்டின் மண் பாதுகாப்புச் சட்டம் காணிக்காரரிடம் கான் வெட்டவும் வரம்பு கட்டவும் கேட்கிறது. அந்தச் சட்டத்தைக் கையிலெடுத்துக்கொண்டு தேயிலை மலையேறிக் கம்பனியைக் கேள்வி கேட்கும் அதிகாரி தோட்டத்தில் அபூர்வக் காட்சி. தொழிற்சங்கங்களும் இங்கே தப்ப முடியாது. சம்பளம், சம்பளம் என்று பேசிய மேடைகளில் சரிவுக்கும் கானுக்கும் கிடைத்த நேரம் மிகக் குறைவு. ஒரு நாள் பேரை, அதாவது ஒரு நாள் கூலியை, விட மண் பெரிது என்று சொல்லித்தர வேண்டியவர்கள் அவர்கள்.

அடுத்தது உமா ஓயாத் திட்டம். ஊவா மக்கள் கட்டுப்பாட்டை வெறுப்பவர்கள் என்ற பேச்சு இங்கே முற்றாகக் கவிழ்கிறது. 2008 ஏப்ரலில் ஈரானிய ஜனாதிபதி அஹமதிநெஜாத் வந்தபோது அடிக்கல் நாட்டினார்கள். சுற்றாடல் தாக்க மதிப்பீட்டுக்கான அனுமதி அதற்குப் பிறகுதான் வந்தது. கல்யாணத்தை முடித்துவிட்டுப் பொருத்தம் பார்த்ததைப் போன்ற வேலை இது. வெலிமடைப் பக்கம் புஹுல்பொல, டயரபா அணைகளிலிருந்து 15 கிலோமீட்டருக்கு மேற்பட்ட சுரங்கத்தின் வழியாகத் தண்ணீரைக் கொண்டுபோய், கரந்தகொல்லையில் நிலத்தடி மின்நிலையத்தில் 120 மெகாவாட் எடுத்து, மிச்சத் தண்ணீரைக் கிரிந்தி ஓயாப் பக்கம் விடுவது திட்டம். 2014 டிசம்பரில் சுரங்கத்துக்குள் நிலத்தடி நீர் பீறியது. மேலே பண்டாரவளைப் பக்கத்தில் கிணறுகள் வற்றின, வீட்டுச் சுவர்கள் வெடித்தன. 2017 ஜூன் 28 அன்று பண்டாரவளையில் கடைகளை அடைத்துவிட்டு ஆயிரக்கணக்கானோர் தெருவில் இறங்கினார்கள்.

அந்தக் கூட்டம் கேட்டது என்ன? அரசாங்கம் கையை எடுக்கட்டும் என்றா? இருக்கும் சட்டத்தை நீங்களே மதியுங்கள் என்றுதான் கேட்டது. 1980-ஆம் ஆண்டின் தேசிய சுற்றாடல் சட்டமும், பெரிய திட்டங்களுக்கு மதிப்பீட்டைக் கட்டாயமாக்கிய 1988-ஆம் ஆண்டுத் திருத்தமும் ஏற்கெனவே கையில் இருந்தன. சாதாரண வீட்டுக்காரர் ஒழுங்குமுறையைக் கேட்டு ஊர்வலம் போனார். ஒழுங்குமுறையின் சொந்தக்காரர் அதைத் தாண்டிக் குதித்திருந்தார். ஒரு விஷயத்தில் மட்டும் ஊர்வலத்தோடு எனக்கு உடன்பாடில்லை. திட்டத்தை அடியோடு நிறுத்து என்ற கோஷம் 2017-இல் காலங்கடந்தது. பாதி குடைந்த சுரங்கத்தைக் கைவிட்டால் கசிவு நின்றுவிடாது. உட்சுவரை முடித்து அடைத்தால்தான் நிற்கும். கோபம் சரி, அந்தக் கோரிக்கை பிழை. 2024 ஏப்ரல் 24 அன்று, ஈரானிய ஜனாதிபதி ரையீசியை அருகில் வைத்துக்கொண்டு திட்டத்தைத் திறந்து வைத்தார்கள்.

ஆனால் பண்டாரவளையின் குரல் யாருடைய குரல்? காணி உறுதி வைத்திருப்பவர், கடை வைத்திருப்பவர், கிணறு வெட்டியவர். வெடித்த சுவருக்கு இழப்பீடு கேட்க வேண்டுமென்றால் சுவர் தன்னுடையது என்று முதலில் காட்ட வேண்டும். லயத்துச் சுவர் யாருடையது? மலையூற்றிலிருந்து குழாய் போட்டு இறக்கிய பீலித் தண்ணீர் மெலிந்தால், விடியற்காலையில் வாளியோடு அங்கே நிற்கும் பெண்தான் முதலில் அறிவாள். ஒரு வாளி நிரம்ப எவ்வளவு நேரம் பிடித்தது, இப்போது எவ்வளவு பிடிக்கிறது என்பது அவளுக்கு அத்துப்படி. அந்த அளவை எந்த அறிக்கையிலும் ஏறாது. நாம் பொதுமக்கள் கருத்து என்று எண்ணிக்கொண்டிருப்பது பெரும்பாலும் காணி உள்ளவரின் கருத்து.

இனி நஞ்சும் பசளையும். தீர்ப்புக்கு வேண்டிய மிகக் கூர்மையான ஒப்பீடு இங்கேதான் கிடைக்கிறது, ஏனென்றால் ஒரே அரசு மூன்று தடைகளை மூன்று விதமாகப் போட்டிருக்கிறது.

முதலாவது பராகுவாட் என்ற களைநாசினி. கிரமக்சோன் என்றால் தோட்டத்தில் எல்லோருக்கும் தெரியும். ஒவ்வொரு டிவிஷனிலும் அதைக் குடித்துப் போன ஒருவரின் பெயர் இருக்கும். 1990-களில் உலகிலேயே தற்கொலை வீதம் உயர்ந்த நாடுகளில் இலங்கையும் ஒன்று. 2008-இலிருந்து மூன்று ஆண்டுகளில் அந்த மருந்தின் செறிவை முதலில் குறைத்து, பிறகு முழுதாக நிறுத்தினார்கள். தற்கொலைச் சாவுகள் குறைந்ததை ஆய்வுகள் காட்டின. பயிர் விளைச்சல் அதனால் விழவில்லை என்பதையும் காட்டின. தோட்டங்களில் ஒரு எதிர்ப்பு எழுந்ததா? எழவில்லை. காரணம் எல்லோர் கண்ணுக்கும் தெரிந்தது, அவகாசம் கொடுக்கப்பட்டது, மாற்று மருந்து கடையில் இருந்தது.

இரண்டாவது கிளைபொசேட் என்ற களைநாசினி, 2015 ஜூன். ரஜரட்டையில் விவசாயிகளைத் தின்னும் சிறுநீரக நோய்க்கு அதுதான் காரணம் என்ற அச்சம் தடைக்குப் பின்னால் இருந்தது. அந்தத் தொடர்பு அன்றும் நிறுவப்படவில்லை, இன்றும் நிறுவப்படவில்லை. அதே ஆண்டு மார்ச்சில் உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகவரகம் அதைப் புற்றுநோய் உண்டாக்கக்கூடியதாக வகைப்படுத்தியிருந்தது உண்மை. ஆகவே கவலையை நான் கேலி செய்யவில்லை. என் கேள்வி வேறு. இந்த மருந்தை நாள் முழுக்கத் தோளில் சுமந்தவர் யார்? முதுகில் டாங்கி, ஒரு கையில் பம்புப் பிடி, மறு கையில் குழல். கைக்கு உறை இல்லை. டாங்கியின் மூடி கசிந்து சட்டை முதுகோடு ஒட்டியிருக்கும். ஊவாக் காற்று எந்த நிமிடமும் திசை மாறி முகத்திலேயே அடிக்கும். மத்தியானம் அதே கையால் ரொட்டி பிட்டுச் சாப்பிடுவார். தடையைப் பற்றி நாடே வாதாடியபோது இவர் அந்த வாதத்தில் எங்குமே இல்லை. சப்பாத்தும் உறையும் முகக்கவசமும் கொடுக்காமல் மருந்து அடிக்க விடக்கூடாது என்று ஒரு விதி போட்டு, அதைப் பார்க்க ஒரு பரிசோதகரையும் போட்டிருந்தால் இவர் அன்றே காப்பாற்றப்பட்டிருப்பார்.

பரிசோதகருக்குச் சம்பளம் கொடுக்க வேண்டும். வர்த்தமானி அறிவித்தலுக்கு ஒரு தாள் போதும்.

தடைக்குப் பின் தேயிலை மலைகளில் புல் ஏறியது. கையால் புல்லு வெட்ட ஆளில்லை. தோட்டம் காடாகிவிட்டது என்பதுதான் அப்போது எங்கும் கேட்ட பேச்சு. காடானதும் குளவி கூடு கட்டியது, குளவி கொட்டி ஆஸ்பத்திரிக்குப் போன கொழுந்துப் பெண்களின் செய்தி அடிக்கடி வந்தது. சில தோட்டங்கள் வேறு களைநாசினிகளை நாட, எம்.சி.பி.ஏ. எச்சம் இருக்கிறதென்று ஜப்பான் நம் தேயிலையைக் கைநீட்டித் தடுத்தது. 2018 ஜூலையில் தேயிலைக்கும் இறப்பருக்கும் மட்டும் தடையைத் தளர்த்தினார்கள். சுற்றாடலைக் காக்கப் போட்ட தடை, மூன்று ஆண்டுகளில் வேறொரு நஞ்சைக் கொண்டுவந்து விட்டுப் போனது.

மூன்றாவது, 2021 மே மாத இரசாயனப் பசளைத் தடை. நாட்டை ஒரே மூச்சில் சேதனப் பசளைக்கு மாற்றும் கனவு. அந்த ஜூலையில் வெரிட்டே ரிசர்ச் நிறுவனம் ஆயிரத்துக்கு மேற்பட்ட விவசாயிகளிடம் கருத்துக் கேட்டது. ஏறத்தாழ மூன்றில் இருவர் சேதன விவசாயத்துக்கு மாறும் நோக்கத்தை ஆதரித்தார்கள். ஆதரித்தவர்களிலேயே ஐந்தில் நான்கு பேர் அளவில் மாறுவதற்கு ஓராண்டுக்கு மேல் அவகாசம் வேண்டும் என்றார்கள். இதைவிடத் தெளிவாகப் பொதுமக்கள் கருத்து பேச முடியாது. நோக்கத்துக்கு ஆம், வேகத்துக்கு இல்லை. நவம்பரில் தடையை எடுக்கும்போது நட்டம் நடந்துவிட்டிருந்தது. 2021-இல் ஏறத்தாழ 30 கோடி கிலோவாக இருந்த தேயிலை உற்பத்தி 2022-இல் 25 கோடி அளவுக்கு இறங்கியது. டீசல் தட்டுப்பாட்டுக்கும் அதில் பங்குண்டு. ஆனால் பசளை காணாத செடி கொழுந்து விடாது என்பதற்குப் பொருளாதார நிபுணர் தேவையில்லை.

அந்தக் கருத்துக் கணிப்பும் விவசாயிகளிடம் எடுத்ததே. நாட்கூலிக்குக் கொழுந்து எடுப்பவர் அந்தப் பெயருக்குள் வரமாட்டார். அவர் கணக்கு வேறு. 2021 மார்ச்சில்தான் நாட்சம்பளம் 1,000 ரூபாய் என்று வர்த்தமானியில் வந்தது. கொழுந்து குறைந்தால் கேட்ட கிலோ வராது. கிலோ வராவிட்டால் அரைப்பேர், பாதிச் சம்பளம். கொழும்பில் ஒரு மேசையில் எடுத்த பசுமை முடிவின் விலை, பசறையில் தராசுத் தட்டில் கழிபட்டது.

இப்போது தீர்ப்பைச் சொல்லலாம். ஊவாவின் தோட்ட மக்கள் சுற்றாடல் பாதுகாப்புக்கும் அரசின் கட்டுப்பாட்டுக்கும் எதிரானவர்கள் என்ற குற்றச்சாட்டு சாட்சிகளின் முன் நிற்கவில்லை. பராகுவாட் தடையை அவர்கள் எதிர்க்கவில்லை. மக்கல்தெனியவுக்குப் போகாமல் அடம்பிடிக்கவில்லை. எதிர்த்ததெல்லாம் பாதி ஒழுங்குமுறையை: மலிவான பாதியை அரசு வைத்துக்கொண்டு, செலவான பாதியைக் காணியில்லாதவன் தலையில் கட்டுவதை. தடை, அறிவித்தல், வர்த்தமானி ஆகியவை மலிவு. மாற்றுக் காணி, பரிசோதகர், அவகாசம், குப்பை லொறி ஆகியவை செலவு. பதுளை மாவட்டத்தில் ஒழுங்குமுறை தோற்ற இடங்களில் பெரும்பாலும் தோற்றது இந்த இரண்டாவது வரிசைதான். நெருப்பு வைப்பதும் சுருக்குக் கட்டுவதும் இந்தத் தீர்ப்பில் மன்னிக்கப்படவில்லை. அவை குற்றம், தனித்தனியே தண்டிக்கலாம். அவற்றைக் காட்டி ஒரு சமூகத்தின் கருத்தை எழுதிவிட முடியாது என்பதே என் வாதம்.

2025 நவம்பர் இறுதியில் டிட்வா புயல் இந்தத் தீர்ப்பை மறுபடி சோதித்தது. நாட்டில் அறுநூறுக்கு மேற்பட்டோர் மாண்டனர். மிக மோசமாக அடிபட்ட மாவட்டங்களில் பதுளையும் ஒன்று. வெளியேறச் சொல்லும் சிவப்பு அறிவித்தல் வந்தது, சரியாகவே வந்தது. 24 மணித்தியாலத்தில் 75 மில்லிமீட்டர் என்றால் விழிப்பு, 100 என்றால் எச்சரிக்கை, 150 என்றால் வெளியேறு என்பது கட்டிட ஆராய்ச்சி நிறுவனத்தின் கணக்கு. அந்த 150 இரவு பதினொரு மணிக்கு நிரம்பினால், கைக்குழந்தையும் மாமியாரும் இரண்டு ஆடும் உள்ள காம்பரா எங்கே வெளியேறும்? கோயிலுக்கு, அல்லது பள்ளிக்கூடத்துக்கு. அவையும் பல இடங்களில் அதே சரிவில்தான் நிற்கின்றன.

கடைசியாக ஓர் ஆட்சேபம் உண்டு, அது வலுவானது. தோட்ட மக்களுக்குக் காணியைப் பிரித்துக் கொடுத்தால் மலை இன்னும் கெடும் என்பார்கள். வெலிமடை, ஊவா பரணகமச் சரிவுகளில் உருளைக்கிழங்கும் மரக்கறியும் போட்டு மண் கரைவதைக் கண்டவர் இதைச் சும்மா ஒதுக்க முடியாது. அங்கே காணிக்காரரும் உண்டு, அரிப்பும் உண்டு, அளவு மீறிய மருந்தும் உண்டு. ஆனால் இலங்கைத் தேயிலையில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் சிறு தோட்டக்காரர் கையிலிருந்தே வருகிறது. சிறு காணி என்றாலே மலை கரையும் என்பதை அது பொய்யாக்குகிறது. வீட்டுக்கு அரசு கொடுக்க முன்வந்ததும் ஏழு பேர்ச், பிறகு பத்துப் பேர்ச். அதில் உருளைக்கிழங்குத் தோட்டம் போட இடமில்லை. பயிர்க்காணியும் சேர்த்துக் கொடுப்பதானால் 1951-ஆம் ஆண்டுச் சட்டத்தின் நிபந்தனைகளை உறுதியிலேயே எழுதிக் கொடுக்கலாம்: கான் வெட்டு, வரம்பு கட்டு, தவறினால் வழக்கு. காணிக்காரரானவரிடம் அப்படிக் கேட்க அரசுக்கு உரிமை உண்டு. லயத்தில் இருப்பவரிடம் கேட்க அந்தச் சட்டத்திலும் வழியில்லை, ஏனென்றால் அது காணிக்காரரை நோக்கி எழுதப்பட்டது.